'பரியா': கப்பலேறிய சொல்லும் கரையில் நின்றவர்களும்

1

சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் மன்ற விழாவுக்குப் பேசப் போயிருந்தேன். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய சார்ட் ஒன்று ஒட்டியிருந்தார்கள். தலைப்பு: 'உலகுக்குத் தமிழ் தந்த சொற்கள்'. கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர், கயிறு, தேக்கு, மாங்காய், அரிசி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐரோப்பிய வடிவத்தைக் காட்டியிருந்தார்கள். (இவற்றில் சில மலையாளக் கரையிலிருந்து கப்பலேறியவை, அரிசிக்கும் கிரேக்கச் சொல்லுக்குமான உறவு இன்னும் தீராத வழக்கு என்பதெல்லாம் வேறு விஷயம்.) விழா முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது பத்தாவது படிக்கும் பையன் ஒருத்தன் பக்கத்தில் வந்து நின்றான். "சார், அந்த சார்ட்ல ஒரு வார்த்தை உட்டுப்போச்சு சார். டிக்‌ஷனரில தமிழ்லேர்ந்து வந்ததுன்னு போட்டிருக்கு" என்றான். எந்த வார்த்தை என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட நின்ற ஆசிரியர், "அதெல்லாம் இப்ப எதுக்குடா, போ" என்றார். பையன் போய்விட்டான். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். வேர்ச்சொல், திரிபு, கடன்சொல் எல்லாம் பரீட்சைக்கு எழுதியவன். இரண்டு வருஷப் படிப்பில் அந்தச் சொல்லின் பயணம் ஒருநாளும் வகுப்புக்குள் வந்ததில்லை. ஊர்த்தெருவில் பிறந்தவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தெருநாயைச் சொல்லவும், சண்டையில் எதிராளியைத் திட்டவும் அந்தச் சொல் தினமும் புழங்கியது. ஆகவே அது எனக்குத் தெரியாமல் விட்டுப்போகவில்லை, தெரிந்துதான் விட்டுப்போனது. சார்ட் எழுதியவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்று அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

2

'பறையர்' என்ற நம் சொல் ஏறக்குறைய எல்லா ஐரோப்பிய மொழிகளிலும் இருக்கிறது. பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிய, ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் மொழிகளில் 'பரியா'. போர்த்துகீசிலும் ரஷ்யனிலும் முதலசை அழுந்திப் 'பாரியா'. கிரேக்கத்தில் அம்மொழிக்கே உரிய ஆண்பால் ஈறு சேர்ந்து 'பரியாஸ்'. ஆங்கிலத்தில் முன்பு முதலசையை அழுத்திப் 'பேரியா' என்றார்கள். இப்போது நடு அசையை அழுத்திப் 'பரையா' என்கிறார்கள். நானூறு வருஷம் சுற்றிவிட்டு ஒலியளவில் மட்டும் வீட்டுப்பக்கம் கொஞ்சம் நெருங்கியிருக்கிறது.

1516ஐ ஒட்டி மலபார்க் கரையைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா என்ற போர்த்துகீசியர் 'பரேயாஸ்' என்று இம்மக்களைக் குறிப்பிடுகிறார். ஆங்கிலத்தில் 1613இல் சாமுவேல் பர்ச்சஸின் நூலில் இச்சொல் வந்துவிடுகிறது. வேர்ச்சொல் ஆர்வலர்கள் ஐரோப்பியச் சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழ் வேர் தேடி எவ்வளவோ உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பு எதுவும் இந்தச் சொல்லுக்குத் தேவையில்லை. மேலைநாட்டு அகராதிகளே தமிழ் என்று ஒப்புக்கொண்டு அச்சடித்திருக்கின்றன. நாம்தான் உரிமை கோர முன்வரவில்லை.

இறுதி எழுத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். 'பறையன்' என்ற ஒருமை கப்பலேறவில்லை; 'பறையர்' என்ற வடிவமே மூலம் என்று அகராதிகள் காட்டுகின்றன. தமிழில் இந்த 'ர்' இரண்டு வேலை செய்கிறது. பலரைக் குறிக்கும், ஒருவரை மதிக்கும். கம்பெனி காலத்து ஆங்கிலத்தில் ரகரத்தோடு 'பாரியர்' என்று எழுதியதும் உண்டு. ஆனால் இங்கிலாந்துக்காரர் பலரின் வாயில் சொல்லின் கடைசி ரகரம் ஒலிக்காது. அது உதிர்ந்து, எழுத்தில் ஒரு 'ஹ' ஒட்டிக்கொண்டது. பிறகு அதன்மேல் தங்கள் 'ஸ்'ஸைப் போட்டுப் பன்மையாக்கிக்கொண்டார்கள். இது ஒலி மாற்றம், இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனாலும் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. எங்கள் தெருவில் அறுபது வயசு மனிதரையும் 'ன்' போட்டுத்தான் கூப்பிட்டார்கள், பேரன் வயசுப் பிள்ளைகள்கூட. கப்பலேறிய ரகரம் நடுக்கடலில் விழுந்தது. ஊரில் இருந்த ரகரத்தை அதற்கு முன்பே நாங்கள் பிடுங்கிவிட்டிருந்தோம்.

பெண்பாலும் போயிற்று. பறைச்சி என்ற சொல் அங்கே இல்லை. பிரெஞ்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'பரியா'தான். அதைவிடப் பெரிய இழப்பு பறை. ஐரோப்பியக் காதில் ற, ர வேறுபாடு இல்லை, ஆகவே அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கருவியும் கேட்கவில்லை. பறை என்றால் தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் பேசுவது பறைவதுதான். தொல்காப்பியர் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் எண்ணுகிறார். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. புறநானூற்றின் 335ஆம் பாட்டு பறையனை நான்கு குடிகளில் ஒன்றாகச் சொல்கிறது. ராபர்ட் கால்டுவெல் உட்படப் பலரும் இந்தப் பெயரைப் பறையிலிருந்தே வருவித்தார்கள்.

இந்த வேரில் எங்கேயும் 'விலக்கப்பட்டவர்' என்ற பொருள் இல்லை. அப்படியானால் தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லிக் கைகழுவ நம்மில் சிலர் தயாராக இருக்கிறார்கள். அதுவும் நடக்காது. முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் எழுதிவைத்திருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சேரி தனி. ஐரோப்பா செய்தது வேறு. ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, அதை ஒரு நிலைமையின் பெயராக்கியது. பெயர்ச்சொல் உருவகமாயிற்று. அந்த உருவகம் எதைக் காட்டி எதை மறைத்தது என்பதைத்தான் நாம் பேசவேண்டியிருக்கிறது.

3

இந்த உருவகம் பிறந்ததற்கு ஏறக்குறையத் தேதியே சொல்லலாம். 1791இல் பாரிஸில் பெர்னார்தன் த சேன்-பியேர் 'இந்தியக் குடிசை' என்ற சிறுகதைநூலை வெளியிட்டார். ஆங்கிலேய அறிஞர் ஒருவர் உண்மையைத் தேடி இந்தியா வருகிறார். ஜகந்நாதத்துப் பிராமணர்களிடம் கேட்டு ஏமாறுகிறார். திரும்பும் வழியில் புயலில் சிக்கி ஒரு பரியாவின் குடிசையில் ஒதுங்குகிறார். உண்மை அங்கேதான் கிடைக்கிறது. அந்தப் பரியாவின் மனைவி, உடன்கட்டை ஏற இருந்து தப்பி வந்த பிராமணப் பெண். இருவரும் காட்டில் சந்தோஷமாக வாழ்கிறார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியின் நடுவில் வந்த பிரதி இது. பிறப்பால் வரும் அந்தஸ்தை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த பாரிஸுக்கு, பிறப்பால் மிதிக்கப்பட்ட ஒரு ஞானி தேவைப்பட்டார். அந்தத் தேவைக்குப் பரியா பொருத்தமாக அமைந்தார். பிறகு வரிசையாக வருகிறார்கள். 1821இல் காசிமிர் தெலவீஞின் 'பரியா' நாடகம்: பிறப்பை மறைத்துப் படைத்தலைவனாக உயர்ந்தவன், தலைமைப் பிராமணரின் மகளைக் காதலிக்கிறான், உண்மை தெரிகிறது, கொல்லப்படுகிறான். அதே கதையை தோனிசெத்தி 1829இல் நேப்பிள்ஸிலும், மோன்யுஷ்கோ 1869இல் வார்சாவிலும் இசைநாடகமாக்கினார்கள். 1823இல் பெர்லினில் மிகேல் பேர் எழுதிய 'பரியா' மேடையேறியது; அதில் பரியாவின் மனைவி ராஜபுத்திரப் பெண். முடிவு சாவு.

கதேயும் 'பரியா' என்று மூன்று கவிதைகள் எழுதினார், 1824இல் வெளிவந்தன. நடுக்கவிதையின் கதை நமக்குப் புதிதல்ல. குடமில்லாமல் தண்ணீரைத் திரட்டி எடுத்துவரும் கற்புக்கரசி, தண்ணீரில் தெரிந்த அழகைப் பார்த்து மனம் சலித்த ஒரு நொடி, கணவனின் ஆணை, வெட்டுண்ட தலை, அவசரத்தில் மாறிப்போன உடல். வடமாவட்டங்களில் மாரியம்மன் பண்டிகையில் ரேணுகையின் கதையாக இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாண்டிச்சேரியும் சோழமண்டலக் கரையும் சுற்றிய ஸொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி 1782இல் எழுதிய நூலின் வழியாக இந்தக் கதை வைமாருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிராமணத் தலையும் பறைச்சி உடலும் கொண்ட தெய்வம், மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் நடுவே நின்று பேசும் என்று கதே கண்டார். நம் ஊரிலோ தலைக்குக் கோயில் ஊருக்குள், பறையடிப்பவர்கள் கோயிலுக்கு வெளியே. தெய்வத்தின் உடம்பிலேயே இருக்கிற கலப்பை நாம் கதையாகக் கேட்டோமே தவிர வழியாகப் பார்க்கவில்லை.

இந்தக் கதையாடல்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது ஒன்று: பரியா ஆணும் மேல்சாதிப் பெண்ணும். ஐரோப்பாவுக்கு அது கற்பனை. குடிசைக்குப் பின்னணியில் வாழைமரம் வரைந்து திரை தொங்கவிட்டால் போதும். நமக்கு அது போலீஸ் ஸ்டேஷன். இதற்குப் பிறகு வருகிறேன்.

4

'இந்தியக் குடிசை' வந்த மறுவருஷம், 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போகிறது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக மூன்று ராணுவ அதிகாரிகளும் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799இல் கன்னடத்துக்குப் போகிறவரை தருமபுரிதான் அவருக்கு வீடு. வயல் வயலாக அளந்து, உழுகிறவன் ஒவ்வொருவனோடும் நேராகக் கணக்குப் பேசும் ரயத்துவாரி முறையின் சோதனை இங்கேதான் நடந்தது. குடிகளைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் அவர்கள் எழுதி வைத்தவை 'பாராமகால் ஆவணங்கள்' என்று பின்னாளில் மதராஸில் அச்சாயின.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விநோதம் தெரியும். பாரிஸில் பரியாவுக்குக் குடிசை கிடைக்கிறது, ஞானம் கிடைக்கிறது, மனைவி கிடைக்கிறாள். தருமபுரியில் அளவுச் சங்கிலி ஓடுகிறது, பட்டா எழுதப்படுகிறது; பட்டாதாரருக்காக ஏர் ஓட்டுகிற ஆளுக்கு அந்தக் காகிதத்தில் பத்தி இல்லை. ரயத்து என்ற சொல்லுக்குள் அவர் வரவில்லை. அவர் பண்ணையாள், படியாள். ஐரோப்பிய வாசகனுக்குத் தெரிந்த பரியா ஒரு தனிமனிதன், சமூகத்துக்கு வெளியே தனியாக நிற்பவன், துயரத்தால் மேன்மையடைந்தவன். நெல்லறுத்தவனாகவோ கேழ்வரகு அடித்தவனாகவோ கிணறு வெட்டியவனாகவோ அவனை யாரும் பார்க்கவில்லை.

இங்கேதான் உருவகம் பொய் சொல்கிறது. 'பரியா' என்றால் இன்று ஐரோப்பிய மொழிகளில் வெளியே தள்ளப்பட்டவன் என்று பொருள். ஆனால் இங்கே யாரும் யாரையும் வெளியே தள்ளிவிடவில்லை. தள்ளியிருந்தால் அவர்கள் எங்கேயாவது போய்ப் பிழைத்திருப்பார்கள். ஊருக்கு வெளியே குடிவைத்து, ஊருக்குள் வேலைக்குப் பிடித்துவைத்தார்கள். எல்லைத் தகராறு வந்தால் ஊர் எல்லையை நடந்து காட்டும் உரிமை பல இடங்களில் அவர்களுக்குத்தான் இருந்தது என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பதிவுகளே சொல்லுகின்றன. எல்லை தெரிந்தவருக்கு நிலம் இல்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கை, நிலம் கேட்டு வரும் பறையர்களை மிராசுதார்கள் எப்படித் தடுக்கிறார்கள் என்பதை விவரித்தது. அதையொட்டி வந்ததுதான் 1892இன் பஞ்சமி நில ஆணை. பிரச்சினை விலக்கம் மட்டும் என்றால் சேர்த்துக்கொண்டால் தீர்ந்துவிடும். கோயில் கதவைத் திறந்தால் போதும். பிரச்சினை பிடித்துவைத்தல் என்றால் நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். அந்த இரண்டாவது பேச்சை 'பரியா' என்ற ஐரோப்பியச் சொல் கேட்கவிடாமல் செய்கிறது.

5

ஐரோப்பா இந்தச் சொல்லைக் கெட்டதுக்கே பயன்படுத்தியது என்று முடித்துவிட்டால் நியாயமாகாது. மிகேல் பேர் யூதர். தாய்நாட்டுக்காகப் போரிடக்கூடத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவனின் ஆத்திரத்தை பெர்லின் மேடையில் யூதனின் வாயால் பேசமுடியாமல், பரியாவின் வாயால் பேசவைத்தார். ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தன் பெரு நாட்டுப் பயண நூலுக்குத் தன்னையே ஒரு பரியாப் பெண்ணாகச் சொல்லித் தலைப்பு வைத்தார். கணவனைப் பிரிந்த, சொத்துரிமை மறுக்கப்பட்ட பெண் அவர். பிறகு தொழிலாளர் ஒற்றுமைக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெர்னார் லசார், தன் விலக்கத்தை உணர்ந்து எதிர்த்து நிற்கும் பரியாவையும், மேலே இருப்பவர்களைக் காப்பியடித்து ஏறிக்கொள்ளப் பார்க்கும் புதுப்பணக்கார மனிதரையும் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவினையை எடுத்துக்கொண்டு ஹன்னா அரெண்ட் 1944இல் யூதரைப் பரியாவாக வைத்துப் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். இடையில் மாக்ஸ் வெபர், பண்டைய யூதம் பற்றிய ஆய்வில் யூதர்களைப் 'பரியா மக்கள்' என்று வரையறுத்துவிட்டார். சடங்கால் விலக்கப்பட்ட விருந்தாளி இனம் என்பது அவர் கொடுத்த பொருள். வெபரின் அந்தச் சொல்லாட்சி சமூகவியலில் நிலைத்துவிட்டது.

விருந்தாளி! எல்லை காட்டியவரை, இந்த மண்ணை உழுதவரை விருந்தாளி என்று சொல்லும் ஒரு கருத்தாக்கம், அவருடைய பெயரையே சுமந்துகொண்டு நூலகங்களில் நிற்கிறது.

இவர்களெல்லாம் போராடியவர்கள், இவர்களுக்கு இந்தச் சொல் ஆயுதமாக இருந்தது. யூதர், பெண், தொழிலாளி என்று தங்கள் துயரத்துக்கு ஒரு உலகப் பெயர் தேடியவர்களுக்கு நம் ஊர்ப் பெயர் கிடைத்தது. அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. கேள்வி வேறு. எல்லாரும் அணிந்துகொள்ளக்கூடிய முகமூடியாக ஒரு பெயர் ஆகும்போது, அந்தப் பெயரோடே பிறந்தவர்களின் முகம் என்ன ஆகிறது?

பறை அடிக்கக் கற்றுக்கொடுக்கும் நண்பர் ஒருவரிடம் அரெண்ட் கட்டுரையைப் பற்றி ஒருநாள் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். தோலை அனலில் காட்டிச் சூடேற்றிக்கொண்டே சொன்னார்: "நல்லதுதான் தோழர். எங்க பேரை வச்சு அங்க ஆளாளுக்கு அழுதிருக்காங்க. எங்களை யாராச்சும் வந்து விசாரிச்சாங்களா?" இதைவிடச் சுருக்கமாக ஒரு பின்காலனிய விமர்சனத்தை நான் படித்ததில்லை.

6

விசாரித்தவர்கள் இங்கேயே இருந்தார்கள். அவர்களும் ஒருமித்த குரலில் பேசவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். திட்டுவதற்குப் பயன்பட்ட சொல்லைத் தலைப்பில் அச்சடித்துக் கூவி விற்றார். அயோத்திதாசர் அதை ஏற்கவில்லை. எதிரி வைத்த பெயரை நாமே ஏன் சுமக்கவேண்டும் என்பது அவர் பக்கம். வேஷப் பிராமணரின் பொய்யை ஊரறியப் பறைந்த பௌத்தர்களைத்தான் இப்படிப் பெயரிட்டு இழித்தார்கள் என்று சொல்லுக்கே வேறு வரலாறு எழுதினார்; 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. மொழியியல் தராசில் அவருடைய வேர்விளக்கத்தை நிறுத்துப் பார்ப்பவர்கள் அவர் செய்த வேலையைத் தவறவிடுகிறார்கள். பெயர் கொடுக்கும் அதிகாரத்தை அவர் கைப்பற்றப் பார்த்தார். எம்.சி. ராஜா சட்டசபையில் எழுப்பிய கோரிக்கையை ஒட்டி 1922இல் மதராஸ் அரசு ஆவணங்களில் பழைய பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. 1990களில் மராத்தியிலிருந்து 'தலித்' வந்தபோது இதே விவாதம் நம் சிறுபத்திரிகைகளில் மறுபடி நடந்தது.

நூறு வருஷமாக ஒரு சமூகம் தன் பெயரைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறது. தமிழ்ப் பெருமிதம் யோசித்த விதத்துக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில், பறையர்கள் திராவிடர்களா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆம், திராவிடர்களே என்று வாதாடியிருந்தார். அவர் செத்த பிறகு 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. நாமெல்லாம் வாங்கிப் படித்ததும் மேற்கோள் காட்டியதும் மேடையில் முழங்கியதும் அந்த வெட்டிய பதிப்பைத்தான். பல பத்தாண்டுகள் கழித்து, சிறுபத்திரிகை நடத்திய கவிதாசரண்தான் 1875ஆம் வருஷப் பதிப்பைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சிட்டார். பள்ளிக்கூடச் சுவரில் விட்டுப்போன சொல்லும், ஒப்பிலக்கணத்தில் விட்டுப்போன பக்கங்களும் ஒரே கையின் வேலையாக எனக்குத் தெரிகின்றன. திராவிட மொழிக்குடும்பம் வேண்டும். அந்தக் குடும்பத்தில் யார் யார் உறுப்பினர் என்ற பக்கம் வேண்டாம்.

7

2012 நவம்பர் 7. தருமபுரியை அடுத்த நாயக்கன்கொட்டாய். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நக்சல்பாரி இயக்கம் வேர்விட்டிருந்த, அப்பு, பாலன் சிலைகள் நிற்கும் இடம். தலித் இளைஞன் ஒருவனும் வன்னியப் பெண் ஒருத்தியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார். அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. பீரோ, டிவி, பைக், பள்ளிச் சான்றிதழ். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கொண்டுவந்த பணத்தில் வாங்கியவை அவை. அடுத்த வருஷம் ஜூலை 4 அன்று அந்த இளைஞனின் உடல் தருமபுரி ரயில் பாதைக்குப் பக்கத்தில் கிடந்தது.

லசாரும் அரெண்டும் பரியாவுக்கு இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார்கள்: எதிர்த்து நிற்பது, அல்லது ஏறிக்கொள்வது. நத்தத்தில் நான் பார்த்த கருகிய சுவர்கள் இரண்டாவது வழியே இங்கே கிடையாது என்றன. ஏறிக்கொள்ளப் பணக்காரனாகக்கூட வேண்டாம்; சொந்தக் கூலியில் ஒரு காங்கிரீட் வீடு கட்டினாலே போதும். பெர்னார்தனின் பரியாத் தம்பதிக்குக் காட்டில் ஒரு குடிசையாவது மிஞ்சியது. ஐரோப்பிய நாடகக்காரர்கள் 1821இலிருந்து திரும்பத் திரும்ப எழுதிய அதே கதை இங்கே 191 வருஷம் கழித்து நடந்தது. அங்கே திரை விழுந்தால் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

மேலே 'காலனி' என்று எழுதினேன். அதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். லத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் உழுபவன். அவன் குடியேறிய இடம் 'கொலோனியா'. அதிலிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் 'காலனி' என்ற பொதுச்சொல் வந்தது. நாடு பிடித்தவர்களோடு கப்பலேறி நம்மிடமும் வந்து சேர்ந்தது. நகரத்தில் அதற்கு உத்தியோகஸ்தர் குடியிருப்பு என்று பொருள். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் அதற்கு ஒரே பொருள்தான். "ஊரா, காலனியா?" என்று கேட்டால் சாதி கேட்டதாக அர்த்தம். அந்தச் சொல் வசையாகிவிட்டது என்று சொல்லித்தான் 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். ஆக, சொற்களின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு இப்படி முடிகிறது: பறையடித்தவரின் பெயரை அனுப்பினோம், அங்கே அது விலக்கப்பட்டவன் என்றாயிற்று, உழுதவனின் பெயரை வாங்கினோம், இங்கே அது விலக்கப்பட்ட இடம் என்றாயிற்று. இரண்டு கரையிலும் முதலில் காணாமல் போனது வேலை செய்த ஆள். 'உலகுக்குத் தமிழ் தந்த சொற்கள்' சார்ட்டில் இந்தக் கணக்கையும் எழுதிவிட்டால் நல்லது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலப் பத்திரிகைகள் உலகம் ஒதுக்கிவைத்த நாடுகளைப் 'பரையா நாடு' என்று இன்றும் கூசாமல் எழுதுகின்றன. நம் ஊர் ஆங்கில நாளிதழ்களும் எழுதுகின்றன. அதைத் தமிழாக்கும்போது 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு' என்று எழுதுவது போதும், அங்கே உருவகத்தைக் காப்பாற்றத் தேவையில்லை. ஆனால் கதேயையோ வெபரையோ அரெண்டையோ மொழிபெயர்க்கும்போது அந்தச் சொல்லைப் 'பறையர்' என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடக் கூடாது. 'தீண்டத்தகாதவர்' என்று மூடிமறைக்கவும் கூடாது. 'பரியா' என்று இடையின ரகரம் போட்டு, வெளியூர்ச் சொல்லாகவே எழுதவேண்டும் என்பது என் கட்சி. அந்த 'ரி'யில் வாசகன் ஒரு நொடி தடுக்கி விழவேண்டும். இது நம் சொல்தானே, ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும். 'பரியா'வும் 'பறையர்' என்பதும் இன்று இரண்டு சொற்கள். ஒன்றுக்கு ஐரோப்பாவின் வரலாறு. மற்றதற்குப் பறையும் சேரியும் ஏரும் பட்டா இல்லாத நிலமும் நத்தமும். முதலாவதன் துயரத்தைப் படித்துக் கண்ணீர் விடுவது சுலபம், அதில் நமக்குச் செலவில்லை.

என்னைப் போன்றவர்கள் செய்யவேண்டிய காரியம் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, ரொம்பச் சின்னது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் பெரியவர் ஒருவர் கூலி கேட்டு நின்றார். என் சித்தப்பா மகன், இருபது வயசு, உள்ளே திரும்பி யார் வந்திருக்கிறார்கள் என்று சொன்னான். 'ன்' என்றுதான் முடித்தான். "'ர்'னு சொல்லுடா" என்றேன். வீட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார். கூலி என்னவோ அன்றைக்கும் ஐம்பது ரூபாய் குறைவாகத்தான் கொடுத்தார்கள்.